எந்த அடுக்கை எடுப்பது?

சென்ற ஆண்டு எங்கள் கணினி மன்றத்திடம் ஓர் இனிய பணி ஒப்படைக்கப்பட்டது. பழைய மாணவியர் பள்ளிக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து ஓர் இணையதளத்தில் ஏற்றவேண்டும். மூத்த மாணவியர் இருவர், அப்போது பலரும் புதிதாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு கருவியைக் கொண்டு தளத்தை அமைத்தனர். பார்க்க அழகோ அழகு! அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்ற சில மாதங்களில் ஒருநாள் தளம் திறக்கவில்லை. எங்களுள் எவருக்கும் அக்கருவி தெரியாது. இலவசமாகக் கிடைத்த இடத்தில் வைத்திருந்த தரவுத்தளமும் கெடு முடிந்து அழிந்திருந்தது. தட்டச்சு செய்த கடிதங்கள் அத்தனையும் போயின. நல்லவேளை, மூலக் கடிதங்கள் நூலக அலமாரியில் இருந்தன!

அன்றுதான் 'தொழில்நுட்ப அடுக்கு' என்பதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று. நம் வீட்டு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால்தான் பிடி மாட்டும். இணையதளத்திலும் அடித்தட்டு இயங்குதளம். அதன்மேல், கேட்ட பக்கத்தை அனுப்பும் வழங்கி. அடுத்து, செய்திகளைக் காக்கும் தரவுத்தளம். அதற்கும் மேலே, வேலையைச் செய்யும் நிரல்மொழி. நம் கண்ணுக்குத் தெரியும் மேல்தட்டோ எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மூன்றால் ஆனது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பி.எச்.பி. என்னும் நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'லாம்ப்' என்று ஓர் அடுக்கிற்குப் பெயரிட்டனர். 1998இல் ஒரு ஜெர்மானியக் கணினி இதழில் தோன்றிய பெயர் அது. விளக்கு என்று பொருள்படுவதால் எளிதில் மறக்காது.

நல்ல தேர்வு எப்படியிருக்கும் என்பதற்கு விக்கிப்பீடியாவின் வரலாறே போதும். 2001 ஜனவரி 15இல் தொடங்கியபோது அது பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரலில் ஓடியது. தரவுத்தளமே கிடையாது, பக்கங்கள் யாவும் சாதாரணக் கோப்புகளாகக் கிடந்தன. தொடங்குவதற்கு அது போதுமானதாக இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். கூட்டம் பெருகவே தள்ளாடியது. அப்போது ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்ற மாக்னஸ் மான்ஸ்கே என்ற மாணவர் பி.எச்.பி.யிலும் மைஎஸ்கியூஎல்லிலும் புதிதாக எழுதித் தந்தார். 2002 ஜனவரியில் அது பயனுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் அதைத் திருத்தி மீண்டும் எழுதினார். அதுவே பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது. 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் அதன்மீதே நிற்கிறது.

பிறகு தட்டுகள் மாறவில்லையா எனில், மாறின, ஆனால் ஒவ்வொன்றாக. 2013இல் தரவுத்தளம் மட்டும் மரியாடிபிக்கு மாறியது. (மைஎஸ்கியூஎல்லை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் முதல் மகள் 'மை'யின் பெயரை அதற்கும், இளைய மகள் மரியாவின் பெயரைப் பின்னதற்கும் சூட்டினாராம். பெண்குழந்தைகளுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன!) 2014இல் பி.எச்.பி.யை விரைவாக ஓட்டும் எச்.எச்.வி.எம். என்ற பேஸ்புக் நிறுவனத்தின் பொறியைப் பொருத்தினர். வழங்கிகளின் சுமை சுமார் 50 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் 2017இல் அந்நிறுவனம் அதைத் தன் சொந்த மொழிக்கே உரியதாக்கப் போவதாக அறிவித்தது. 2019இல் விக்கிப்பீடியா வழக்கமான பி.எச்.பி.க்கே திரும்பிவிட்டது. அதற்குள் பி.எச்.பி.யும் வேகம் பெற்றிருந்தது. நிரல் அதே மொழியில் இருந்ததால் திரும்பி வர வழியிருந்தது.

இதைப் படித்தபின் நாங்கள் எங்களையே சில கேள்விகள் கேட்டோம். தரவுத்தளம் வேண்டுமா? வெறும் அறிவிப்புகள் என்றால் சில எச்.டி.எம்.எல். கோப்புகளே போதும். பெயராலும் ஆண்டாலும் தேடவேண்டிய கடிதங்கள் என்பதால் எங்களுக்கு வேண்டியிருந்தது. எது வேகமானது என்று மட்டும் நாங்கள் வாதிடவில்லை. நாளொன்றுக்கு நூறு பேர் வரும் தளத்திற்கு எல்லாமே வேகந்தான்! நாங்கள் போனபின் யார் பார்ப்பார், கெட்டால் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவார் என்பதே பெரிய கேள்வி.

தமிழுக்கென்று தனிக் கவனமும் வேண்டும். 'அன்னை' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள், யு.டி.எப்.-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். எழுத்து முறையைச் சரியாக அமைக்காவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். மைஎஸ்கியூஎல்லிலேயே 2018இல் வந்த 8.0 பதிப்பிற்கு முன் இயல்பமைப்பு மேலைநாட்டு எழுத்துகளுக்கு உரியதாகவே இருந்தது. ஆகவே முதல்நாளே 'யு.டி.எப்.8.எம்.பி.4' என்று குறித்துவிட்டோம்.

இப்போது பி.எச்.பி.யும் மரியாடிபியும் கொண்டு மீண்டும் தொடங்கியிருக்கிறோம். புதுமை ஒன்றுமில்லை என்று தோழியர் சிலருக்கு வருத்தந்தான். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் மூவர் சனிக்கிழமைதோறும் எங்களுடன் அமர்ந்து கற்கின்றனர். வாரந்தோறும் தரவின் படியொன்று நூலகச் சகோதரியின் மேசை இழுப்பறைக்குச் சென்றுவிடுகிறது. இதுவரை நாற்பது கடிதங்கள் ஏறியுள்ளன. எஞ்சியவை அலமாரியில் காத்திருக்கின்றன.