மேசைமேல் ஒரு 'மலாயா'

டெங்கிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியை எட்டு மாதமாக ஒரு போர்க்கப்பல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீளம் 28 சென்டிமீட்டர். உண்மைக் கப்பல் 196 மீட்டருக்கும் மேல். அதை எழுநூறால் வகுத்தால் வருவது இது. இந்த அளவில் ஒரு மாலுமியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. 15 அங்குலப் பீரங்கியின் வாய் அரை மில்லிமீட்டர். அதைத் துளையிட ஊசியைவிட மெல்லிய துளைக்கம்பியை விரல்களுக்கிடையே வைத்துத் திருக வேண்டும். அப்படி எட்டுப் பீரங்கிகள்.

மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் வழக்கமாக ஜப்பானின் யமாத்தோவையோ ஜெர்மனியின் பிஸ்மார்க்கையோதான் முதலில் எடுப்பார்கள். பார்வைக்கு மிரட்டும் கப்பல்கள். நான் எடுத்தது அவ்வளவு பேசப்படாத ஒன்று: எச்.எம்.எஸ். மலாயா. பெயரைப் பார்த்ததும் பெட்டியை வாங்கிவிட்டேன். அதன் கதை பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கப்பலைக் கட்ட இங்கிலாந்து அரசாங்கம் செலவழிக்கவில்லை. 1912இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைப் பரிசாகக் கொடுக்க முன்வந்தன. பேராக் சுல்தான் இட்ரிஸ் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். செலவு இருபது லட்சம் பவுனுக்கு மேல். நியூகாசலில் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் தளத்தில் கட்டப்பட்டு, 1915 மார்ச்சில் தண்ணீரில் இறங்கியது.

அவ்வளவு பணம் அன்றைய மலாயாவுக்கு எங்கிருந்து வந்தது? ஈயத்தின் ஏற்றுமதி வரி, அபின் வருமானம், ரயில், ரப்பர். இதில் பெரும் பங்கு ஈயத்துக்குத்தான். ரப்பர்தான் எல்லாம் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசை இருக்கலாம், அது சரியாகாது. ஆனால் தண்டவாளத்துக்குக் கல் போட்டவர்களிலும் தோட்டத்தில் பால் வெட்டியவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். தீர்மானம் நிறைவேறியபோது, ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தும் முடிவு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பல் கொடுக்கலாமா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கப்பலின் ஏதோ ஓர் ஆணியில் அவர்களுடைய காசும் இருக்கிறது.

மலாயா சும்மா கிடந்த கப்பல் இல்லை. 1916 மே 31, வட கடலில் ஜட்லாந்துச் சண்டை. தன் அணியின் கடைசியில் வந்ததால் ஜெர்மன் குண்டுகள் இதன்மேல் குவிந்தன. எட்டுக் குண்டுகள் பட்டன. வலப்புறத் துணைப் பீரங்கி அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. அந்தச் சண்டையிலும் பிறகு காயங்களாலும் இறந்தவர்கள் 65 பேர். முகம் கருகித் தப்பிய வில்லி விக்காரேஜ் என்ற மாலுமிக்குத்தான் மருத்துவர் ஹெரால்ட் கில்லிஸ் மறு ஆண்டு, உடலின் சதையை மடித்துக் கொண்டுவந்து முகத்தைச் சீரமைத்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் தொடக்கக் கதைகளில் அதுவும் ஒன்று. அந்த அறை இருந்த இடத்தில் சாயம் பூசும்போது கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

1921இல் மலாயா தன் பெயருக்குரிய நாட்டைப் பார்க்க வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானுக்கு. அதே ஆண்டில்தான் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் டெங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் திறந்தார்கள். பெயர் பிராங் பெசார். பெரும் போர் என்று பொருள். ரப்பர் கன்று வகைகளில் 'பிபி' என்று தொடங்குபவை இந்தத் தோட்டத்தில் உருவானவை. பிறகு அந்த நிலத்தில் புத்ராஜெயா எழும்பியபோது, பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. அந்தப் போரின் பெயரைத் தாங்கிய தோட்டத்து மனிதர்கள் வாழும் ஊரில், அந்தப் போரில் அடிபட்ட கப்பலைக் கட்டுகிறேன். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

கடையில் கிடைக்கும் டிரம்பெட்டர் பெட்டியில் இருப்பது 1943ஆம் ஆண்டின் மலாயா. ஜட்லாந்தில் இதற்கு இரண்டு புகைபோக்கிகள். 1920களின் இறுதியில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, டார்பிடோவைத் தாங்க இரு பக்கமும் வயிறு போலப் புடைக்க வைத்தார்கள். 1930களில் விமானக் கொட்டகையும் சேர்ந்தது. ஆகப் பெட்டியில் உள்ளபடி ஒட்டினால், கிள்ளானுக்கு வந்த கப்பல் கிடைக்காது. பெயர் மட்டும்தான் மலாயா.

பலர் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள்; அதுவும் நல்ல பொழுதுபோக்குதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. சகோதரிக் கப்பலான வார்ஸ்பைட்டின் 1915ஆம் ஆண்டுத் தோற்றம் தனிப் பெட்டியாகக் கிடைக்கிறது. உடலும் இரட்டைப் புகைபோக்கியும் பொருந்தும். அதை வாங்கி, 1918 வாக்கில் பீரங்கிக் கூண்டுகளின் தலையில் சிறு விமானங்கள் கிளம்பப் போட்ட மேடைகளைப் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி ஒட்டினேன். ஒரு கப்பலுக்கு இரண்டு பெட்டியா என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. அடுக்குமாடி வீட்டுக்கு 1/700 அளவே போதும். 1/350 என்றால் இதே கப்பல் 56 சென்டிமீட்டர். வைக்க அலமாரி தேட வேண்டும். உறுப்புகளைச் சட்டத்திலிருந்து பிய்க்காதீர்கள். கூர்மையான வெட்டியால் கொஞ்சம் தள்ளி நறுக்கி, மிச்சத்தை உப்புத்தாளால் தேயுங்கள். தண்ணீர் போன்ற மெல்லிய பசையை இணைப்பின் ஓரத்தில் தூரிகையால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்துவிடும். குழாய்ப் பசையைப் பிதுக்கினால் பீரங்கிக் கூண்டு திரும்பாது. என் முதல் கப்பலில் எல்லாமே ஒரே பக்கம் பார்த்தபடி உறைந்துவிட்டன.

நம் ஊர் மழைக்கும் மரியாதை கொடுக்க வேண்டும். மாலை மழைக்கு முன் காற்றில் ஈரம் ஏறிய நேரத்தில் சாயம் தெளித்தால், பளபளப்புச் சாயம் பால் படிந்தது போல வெளுத்துவிடும். காலையிலேயே சன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு தெளியுங்கள். நிறத்தை உண்மையைவிட ஒரு படி வெளிறவைப்பது நல்லது. இவ்வளவு சிறிய கப்பலில் உண்மையான சாம்பல் நிறம் அடித்தால் கரிக்கட்டை போலத் தெரியும்.

கைப்பிடிக் கம்பிகளும் ஏணிகளும் மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்து வருகின்றன. ஒன்று தரையில் விழுந்தால் தேட வேண்டாம், கிடைக்காது. கொடிமரங்களுக்கு இடையே ஓடும் கயிறுகளுக்குக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. உறுப்புகள் ஒட்டியிருந்த வெறும் சட்டத்தை மெழுகுவத்தி மேல் காட்டி, நெகிழும்போது வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமுடி போல நீளும். என் மகள் இதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

எல்லாம் முடிந்தும் கொடி நின்றது. பெட்டியில் பிரிட்டிஷ் கடற்படைக் கொடி மட்டும் இருக்கிறது. ஜட்லாந்தில் மலாயா, கூட்டு மலாய் மாநிலங்களின் கொடியையும் பறக்கவிட்டது. மேலிருந்து வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டைகள், நடுவே பாயும் புலி. என் அளவில் கொடியின் உயரம் ஐந்து மில்லிமீட்டர். புலி கடுகளவு. மெல்லிய தாளில் நான்கு முறை வரைந்தேன். மூன்று பூனையாக வந்தன.

கொடி காய்ந்துகொண்டிருந்த நாளில், பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். பிராங் பெசாரில் பால் வெட்டியவர். எண்பதைத் தாண்டிய கண்ணால் குனிந்து பார்த்தார்.

"இது ரஜூலாவா தம்பி?"

"இல்லீங்க பெரியம்மா. சண்டைக் கப்பலு."

"அப்ப நாங்க வந்த கப்பல எப்ப செய்வே?"

என்னிடம் பதில் இல்லை. மலாயா 1948இல் ஸ்காட்லாந்தில் உடைக்கப்பட்டது. ஆனாலும் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. 1941 டிசம்பர் 10இல் குவாந்தான் கடலில் மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை, பழைய இரும்புக்காகத் திருடர்கள் கடலடியிலேயே பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் பெட்டி இருக்கிறது. 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை மதராஸுக்கும் மலாயாவுக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்த ரஜூலாவைக் கடையில் தேடினால் கிடைக்காது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது.

நீளம் 477 அடி. எழுநூறால் வகுத்தால் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். பால்சா மரத்துண்டு வாங்கிவந்து, பழைய படங்களைப் பார்த்து உடலைச் செதுக்கத் தொடங்கிவிட்டேன். ஒற்றைப் புகைபோக்கிக்கு ஒரு பேனாவின் உறை சரியாக வந்தது. கறுப்பு அடித்து, நடுவே இரண்டு வெள்ளை வளையங்கள் போட வேண்டும். தளத்தின் மேல் வெயிலுக்குக் கட்டிய துணிப்பந்தலுக்கு டிஷ்யூ தாளும் பசைத் தண்ணீரும்.

பெரியம்மா வாரம் ஒருமுறை வந்து மேற்பார்வை பார்க்கிறார். அவர்கள் பாய் விரித்த இடம் புகைபோக்கிக்குப் பின்பக்கமாம், இரவிலும் அங்கே இரும்பு சுடுமாம். அந்த இடத்தில் ஐந்து ஆட்களை ஒட்டச் சொல்லியிருக்கிறார். பந்தல் போட்டுவிட்டால் ஆட்கள் வெளியே தெரிய மாட்டார்கள் என்று சொன்னேன். பரவாயில்லை, ஒட்டு என்றார்.