பேச ஆளில்லாத பிள்ளையும் கைத்தொலைபேசியும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப் வழியாக வரத் தொடங்கின. கடன்பட்டாவது கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்த பெற்றார் பலர். பாடசாலைகள் மீண்டும் திறந்தன. தொலைபேசியோ பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. "பிள்ளை போனுக்கு அடிமையாகிவிட்டது" என்ற முறைப்பாட்டை இன்று நாம் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம்.

'அடிமை' என்ற சொல்லை நாம் நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் கணினி விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. சமூக வலைத்தளப் பாவனை தனியொரு நோயாக அதில் இல்லை. எனினும் அதன் இழுவிசை உண்மையானது. முகநூலில் 2009இல் 'விருப்பம்' பொத்தான் வந்தது. அடுத்த விருப்பம் எப்போது விழும் என்று தெரியாததால் பிள்ளை மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கிறது. லொத்தர் சீட்டுச் சுரண்டுபவரின் நிலையும் இதுவே.

இழுப்பது ஒருபுறம்; தள்ளுவது எது? தனிமையை ஆராய்ந்த ரொபர்ட் வைஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1973இல் அதை இருவகையாகப் பிரித்தார். மனம்விட்டுப் பேச நெருங்கிய ஒருவர் இல்லாமை ஒன்று. சேர்ந்திருக்க ஒரு கூட்டம் இல்லாமை மற்றொன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பாது. முகநூலில் ஐந்நூறு நண்பர் இருந்தும் ஒரு பிள்ளை இரவில் அழுவது இதனாலேயே.

தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவுடன் வளரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அதன் தொலைபேசியைப் பறித்தால் வீணான படங்கள் மட்டுமல்ல, தாயின் குரலும் பறிபோகும். ஆகவே பறிப்பதற்கு முன், அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியவை சில உண்டு. இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய தொலைபேசியும், பெரியவர்களுடையது உட்பட, படுக்கைக்கு வெளியே இருக்கட்டும். ஒருவேளை உணவையாவது சேர்ந்து உண்போம். சனசமூக நிலையத்தில் மாலை விளையாட்டு மீண்டும் தொடங்கட்டும். பிள்ளை ஒன்றைச் சொல்ல வரும்போது ஏசாமல் முழுவதையும் கேட்போம். சாப்பாடும் நித்திரையும் குறைந்து, பிள்ளை எவரோடும் சேராமல் ஒதுங்கினால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

தன் பேச்சைக் கேட்க வீட்டில் ஒருவர் உண்டு என்று அறிந்த பிள்ளைக்குத் தொலைபேசியைக் கீழே வைப்பது அவ்வளவு கடினமாக இராது.