மலை ஏறலாம் வாங்க... பிளானோட!

செமஸ்டர் முடிஞ்ச கையோட எல்லா காலேஜ் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே டயலாக்தான்... "மச்சி, ஒரு ட்ரெக்கிங் போடலாமா?" அடுத்த அஞ்சாவது நிமிஷம் எல்லாரும் ரெடி. போட்டோவுக்கு எந்த கலர் டி-ஷர்ட்டுங்கிறது வரைக்கும் முடிவாகிடும். ஆனா எந்த மலை, யார்கிட்ட பர்மிஷன், எத்தனை மணிக்குத் திரும்பணும்? இந்த மூணு கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது!

தருமபுரி பக்கத்து ஆளுங்களுக்கு மலை ஏத்தம் புதுசே இல்லை பாஸ். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்னிக்குத் தருமபுரி. அவர் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனி, பெரிய மலையோட பிளவுல, ஏறவே கஷ்டமான இடத்துல கிடைச்சதுன்னு புறநானூறு 91-ஆம் பாட்டு சொல்லுது. கனியோட பவர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஏறின கஷ்டத்தைத்தான் மறந்துட்டோம்!

நம்ம ஊர்ப் பாறை

வெளிநாட்டு ட்ரெக்கிங் வீடியோவில் வர்ற செக்கச்செவேல் மணற்பாறை வேற ரகம். கர்நாடகாவின் பாதாமி, மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் அதைப் பார்க்கலாம். மழையில் நனைஞ்சா மணற்கல் பலம் இழக்கும். அதனால அது காயற வரைக்கும் ஏறக்கூடாதுங்கிறது பாறை ஏறுபவர்களின் எழுதாத சட்டம்.

தருமபுரி மலைகளில் அதிகம் இருப்பது சார்னோக்கைட், நைஸ் வகைக் கடினப் பாறைகள். வயசு சுமார் 250 கோடி வருஷம்! சார்னோக்கைட் பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் கட்டுரை எழுதினார். அந்தக் கல்லறையால வந்த பேருதான் இது.

இந்தப் பாறை மழைக்கு உடையாது. ஆனா பாசி படிஞ்சா பயங்கரமா வழுக்கும். வெயிலிலும் மழையிலும் மேல் அடுக்கு வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு நிற்கும். தட்டினா 'டொக் டொக்'னு வெற்றுச் சத்தம் வர்ற பலகைக் கல் மேல கால் வைக்காதீங்க. இன்னொண்ணு... இந்தப் பாறைகள் யானை முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும். ஏறும்போது போகப் போகச் சரிவு குறையும், ஈஸியா தெரியும். இறங்கும்போது போகப் போகச் செங்குத்தாகும். முனை எங்கே முடியுதுன்னே கண்ணுக்குத் தெரியாது. 'ஏறிட்டோம்ல, இறங்க மாட்டோமா'ன்னு நினைக்கிறவங்க மாட்டறது இங்கதான்.

முதல் மலை - தீர்த்தமலை

முதல் தடவை போற குரூப்புக்கு அரூர் பக்கத்துத் தீர்த்தமலை பெஸ்ட் சாய்ஸ். ரயிலில் வர்றவங்க சேலம்-ஜோலார்பேட்டை பாதையில் மொரப்பூரில் இறங்கி, அரூர் போய், பஸ் மாறலாம். மலை மேல தீர்த்தகிரீஸ்வரர் கோயில். ராமர் தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், குமார தீர்த்தம்னு வரிசையா தீர்த்தங்கள். ராமர் அம்பு விட்டு வரவழைச்ச தண்ணி என்பது தலபுராணம். விரிசல்களில் சேர்ற மழைத்தண்ணி கசிஞ்சு வெளியே வரும் என்பது பாறையின் இயல்பு.

பக்தர்கள் காலம் காலமா நடக்கிற பாதை என்பதால் வழி தவறுற பயம் இல்லை. ஆனா ஏத்தம் நல்லாவே மூச்சு வாங்க வைக்கும். மாசி மாதம் திருவிழாக் கூட்டம் இருக்கும், பார்த்துத் தேதி போடுங்க. கோயில் நடை சாத்தும் நேரத்தையும் அடிவாரத்திலேயே கேட்டுக்கோங்க.

பர்மிஷன்... நோ காம்ப்ரமைஸ்!

பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள்ள போறது வேற கதை. அதுக்கு வனத்துறை அனுமதி வேணும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டை, 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. யானை நடமாடுற காடு. அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள நுழையறது 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'யாருக்கும் தெரியாத சீக்ரெட் ஸ்பாட்'னு ரீல்ஸ் போடறவர், உங்களுக்கு ஜாமீன் போட வரமாட்டார்!

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. 2018 மார்ச் 11... தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சம்பவ இடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இறந்தவங்க 23 பேர். பெரும்பாலும் இளைஞர்கள், நம்மள மாதிரி லீவு நாளுக்குக் கிளம்பினவங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகளே வந்தது. காஞ்ச புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும், மனுஷன் ஓடுறதை விட வேகமா ஓடும். அதனாலதான் மாசி, பங்குனி வெயிலில் காட்டுப் பாதைகளை மூடுறாங்க. 'நாங்க மட்டும் சும்மா போய்ட்டு வர்றோம் சார்'னு கெஞ்சறதுக்கு முன்னாடி அந்த 23 பேரை நினைச்சுப் பாருங்க.

நேர்வழி ஒண்ணு இருக்கு. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைப்பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் புக் பண்ணினா, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். மற்ற இடங்களுக்கு முதலில் தருமபுரி அல்லது அரூர் வனக்கோட்ட அலுவலகத்தில் கேளுங்க. 'முடியாது'ன்னு சொன்னா... முடியாதுதான்!

கணக்குப் போடுங்க

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன ஃபார்முலா: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலா 1 மணி நேரம். போக வர 10 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தம்னா 3 மணி நேரம். இது நல்லா நடக்கிறவருக்கு, ரெஸ்ட் இல்லாம. செல்ஃபி, சாப்பாடு, காலில் கொப்புளம் எல்லாம் சேர்த்தா 5 மணி நேரம்னு வைங்க. வேகத்தை முடிவு பண்றது டீமில் மெதுவா நடக்கிற ஃப்ரெண்ட்தான். அவரை முன்னாடி விடுங்க, பின்னாடி விட்டுட்டு ஓடாதீங்க.

கிளம்பும்போதே 'திரும்பும் நேரம்' ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணுங்க. மதியம் 1 மணின்னா 1 மணி. உச்சி பத்தே நிமிஷத்துல இருந்தாலும் யூ-டர்ன்!

பையில என்னென்ன?

* ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி. 'மேல தீர்த்தம் இருக்கே'ன்னு நம்பிப் போகாதீங்க.
* கடலை மிட்டாய், பேரீச்சை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.
* கிரிப் உள்ள ஷூ. செருப்புக்குத் தடா!
* டார்ச், விசில். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனை விட விசில் உதவும்.
* தீப்பெட்டி, சிகரெட், சரக்கு... மூணுக்கும் நோ என்ட்ரி.
* கொண்டு போற பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வரணும்.

பாம்பு கடிச்சா கீறாதீங்க, கட்டுப் போட்டு இறுக்காதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. கடிபட்டவரை நடக்க விடாம, 108-க்கு போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இடி இடிச்சா மொட்டைப் பாறையை விட்டு உடனே இறங்குங்க.

கடைசியா ஒரு விஷயம். எந்த மலை, யார் யார், எத்தனை மணிக்கு வருவீங்கன்னு எழுதி வீட்டில் கொடுத்துட்டுப் போங்க. 'கம்பைன் ஸ்டடி'ன்னு பொய் சொல்லிட்டுப் போனா, நீங்க வரலைன்னாலும் எங்கே தேடுறதுன்னு யாருக்கும் தெரியாது. அம்மா ரெண்டு திட்டு திட்டுவாங்க, பரவாயில்லை. கூடவே புளிசாதமும் கட்டிக் கொடுப்பாங்க!

250 கோடி வருஷமா நிக்கிற பாறை அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் நிக்கும். பத்திரமா போய்ட்டு, பத்திரமா வாங்க. சரி, குரூப்ல முதல் மெசேஜ் யார் போடறது பாஸ்?