உடம்புக்குள் போகும் கருவி யாருடையது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. சாராயத்தில் கலந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பைத் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். அது கண்டது மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் உருவாக்கிவரும் 'பிளைண்ட்சைட்' கருவியை அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்னோடிக் கருவிகளின் வரிசையில் சேர்த்திருந்தது. கண்ணும் வேண்டாம், பார்வை நரம்பும் வேண்டாம். கேமரா பிடிப்பதை மூளையின் பார்வைப் பகுதிக்கே மின்துடிப்பாக அனுப்பிவிடலாம் என்பது அதன் திட்டம்.

தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தம்பி இந்தச் செய்தியைச் செல்போனில் காட்டிக் கேட்டார்: "அண்ணா, இந்தச் சிப்பு வந்தா எங்க சித்தப்பாவுக்குக் கண்ணு தெரியுமா?"

தெரியலாம் என்றேன். அந்த வரிசையில் சேர்ப்பது பரிசீலனையை விரைவாக்கத்தானே தவிர, விற்பனைக்கு அனுமதி அல்ல. தொடக்கத்தில் பழைய வீடியோ கேம் போல மங்கலாகத்தான் தெரியும் என்று மஸ்க்கே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவருக்கு விளக்க முடிந்தது. ஆனால், கருவி வந்து, பொருத்தி, ஐந்தாண்டு கழித்து அது நின்றுபோனால் யாரிடம் போவது? மனித உடலை மேம்படுத்தும் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வெறும் பயத்தில் சொல்லவில்லை. இது நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்ற செயற்கை விழித்திரையைச் செய்தது. 60 மின்முனைகள், கண்ணாடியில் ஒரு கேமரா, விலை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர். 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலகம் முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் அதைக் கண்ணுக்குள் பொருத்திக்கொண்டார்கள். கதவு எங்கே, சுவர் எங்கே என்று தடுமாறாமல் நடக்க அது சிலருக்கு உதவியது. 2019இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டு கம்பெனியே மூடும் நிலைக்குப் போனது. உதிரிபாகம் இல்லை, பழுதுபார்க்க ஆள் இல்லை. கருவி நின்றுபோனால் அதைக் கண்ணுக்குள் சுமந்துகொண்டே வாழ வேண்டும். எடுப்பதென்றால் இன்னொரு ஆபரேஷன். இங்கே போர் மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தர ஆள் இருக்கிறார்கள். மனிதக் கண்ணுக்குள் வைத்த கருவிக்கு அமெரிக்காவிலேயே ஆள் இல்லாமல் போனது.

நம் ஊர்களில் கண்ணுக்குள் கருவி வைத்துக்கொண்டவர்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறார்கள். புரை ஆபரேஷன் செய்து 'லென்ஸ் வெச்ச' பாட்டி இல்லாத தெரு எது? இரண்டாம் உலகப் போரில், உடைந்த விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் கண் அதை ஒதுக்காததைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949இல் அந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்து வைத்தார். பல பத்தாண்டுகள் அது நம் ஏழைகளுக்கு எட்டாத சரக்காகவே இருந்தது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் குழுவினர், 1992இல் ஆரோலேப் தொழிற்சாலையை நிறுவி லென்ஸை இங்கேயே செய்தார்கள். சுமார் 100 டாலருக்கு இறக்குமதியானது 10 டாலருக்குக் கிடைத்தது. பிறகு இன்னும் குறைந்தது. டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு அவர் ஒரு லட்சம் ஆபரேஷன்கள் செய்தார். உடலை மேம்படுத்துவது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

அந்த லென்ஸுக்கு பேட்டரி இல்லை, மென்பொருள் இல்லை. ஆரோலேப் நாளையே மூடினாலும் பாட்டியின் கண்ணில் இருப்பது பாட்டியுடையது. அவர் பாட்டுக்குத் தொலைக்காட்சி பார்ப்பார், அரிசியில் கல் பொறுக்குவார்.

காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவியின் கதை வேறு. பிறவியிலேயே காது கேட்காத சின்னக் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதை இலவசமாகப் பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டின் மிக நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று மனதாரச் சொல்வேன். ஆனால் பாதிக் கருவி மண்டைக்குள், பாதி காதுக்கு வெளியே. வெளியே இருப்பது ஓடியாடும் குழந்தையோடு சேர்ந்து விழும், நனையும். ஒயர் அறும், பேட்டரி தீரும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அந்தச் செலவு கூலிவேலை செய்யும் அப்பா அம்மா தலையில் விழுகிறது. பேச்சுப் பயிற்சியும் விடாமல் நடக்க வேண்டும். வெள்ளிமலைக்கும் மேலே, கல்வராயன் மலையின் ஒரு சிற்றூரிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்துபோகும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி. கருவி பேசாமல் பெட்டிக்குள் போய்விட்டால் குழந்தையின் பேச்சும் அதோடு போகும்.

கருவியை இங்கேயே, இங்குள்ள வாழ்க்கைக்கு ஏற்பச் செய்ய முடியாதா? சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு 2022இல் வெளியிட்ட 'கடம்' செயற்கை முழங்கால் சரியான திசையில் போகிறது. 160 பாகை வரை மடங்குவதால் நெருக்கமான பேருந்து இருக்கையில்கூட உட்கார முடியும். நம் டவுன் பஸ்ஸை அறிந்தவர்கள் செய்த கால் அது.

குறையை ஈடுசெய்வதோடு இது நிற்கப்போவதில்லை. நல்ல உடம்புக்கு மேலும் வலு தரும் எக்ஸோஸ்கெலிட்டன் என்ற இயந்திரக் கூடு வந்துவிட்டது. ஃபோர்டு 2018லேயே கையைத் தூக்கி வேலை செய்பவர்களுக்காக 15 தொழிற்சாலைகளில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் தலையில் கட்டைச் சுமந்து, சாய்த்த பலகையில் ஏறி லாரியில் போடுகிறார்கள். நாற்பது வயதில் கழுத்தும் இடுப்பும் போய்விடுகிறது. அந்தக் கூடு அவர்களுக்குக் கிடைத்தால் நான் மகிழ்வேன். ஆனால் கூலி டன் கணக்கு. தூக்கும் பலம் இரட்டிப்பானால் டன்னுக்கான கூலியைப் பாதியாக்கிவிடும் மேஸ்திரிகளும் வருவார்கள். கூட்டை வாடகைக்குக் கொடுத்து, அந்த வாடகையையும் கூலியில் பிடிக்க முடியும். அப்போது வலுவானது யாருடைய உடம்பு? சங்கமாகவோ கூட்டுறவாகவோ அது வெட்டுகிறவர்களின் கைக்கே வந்தால் மட்டுமே இடுப்பு தப்பும்.

காக்ளியர் போன்ற கருவிகளை அரசு மொத்தமாக வாங்குகிறது. பேரம் பேசும் பலம் அதற்கு இருக்கிறது. பொருத்தியவர் உயிரோடு இருக்கும்வரை உதிரிபாகம் தர வேண்டும், கம்பெனி மூடினால் வடிவமைப்பையும் மென்பொருளையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வாங்கும்போதே எழுதி வாங்கலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு பழுதுபார்க்கும் அறை, பயிற்சி பெற்ற இரண்டு தொழில்நுட்பர்கள், கையிருப்பில் ஒயரும் பேட்டரியும், மாதம் ஒருமுறை வெள்ளிமலைக்கு ஒரு வண்டி. மூளைச் சிப்பு வரட்டும், அதற்கு நாள் இருக்கிறது. காக்ளியர் வைத்த குழந்தைகளுக்கு இந்த அறை இந்த வருடமே வேண்டும்.