இருதுறை வல்லார் வினூ மன்கட்

சிறு நிலம் உடைய உழவன் தானே உழுவான், தானே விதைப்பான், தானே நீர் பாய்ச்சுவான், விளைந்தபின் தானே அறுப்பான். ஒரு வேலையை முடித்துவிட்டு மற்றதைப் பிறரிடம் ஒப்படைத்து ஓய்ந்திருக்க அவனால் இயலாது. கிரிக்கெட்டு ஆட்டத்திலும் இத்தகைய உழைப்பாளர் சிலர் உளர். மட்டை பிடித்து ஓட்டங்களைக் குவிப்போர் ஒரு சாரார். பந்து வீசி எதிரணியினரை வெளியேற்றுவோர் மற்றொரு சாரார். இவ்விரு தொழிலிலும் ஒப்பத் தேர்ந்தவரை ஆங்கிலேயர் ‘ஆல்ரவுண்டர்’ என்பர். நாம் இருதுறை வல்லார் எனலாம். பாரதக் கதையில் அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று ஒரு பெயர் உண்டு. இரு கையாலும் ஒப்ப அம்பு எய்ய வல்லவன் என்பது அதன் பொருள். இந்தியக் கிரிக்கெட்டின் சவ்வியசாசியாக விளங்கியவர் வினூ மன்கட்.

இவர் பெயரை உலகம் நெடுங்காலம் ஒரு நொடிப்பொழுதில் நிகழ்ந்த செயலோடு மட்டுமே சேர்த்துச் சொல்லி வந்தது. ஆனால் அவர் பெயருக்கு உரிய பொருள் அந்த ஒரு நொடியில் இல்லை. கால் நூற்றாண்டு உழைப்பில் உள்ளது. அவ்வுழைப்பின் வரலாற்றை அறிதல் நன்று.

பிறப்பும் பயிற்சியும்

குசராத்து நாட்டின் மேற்குப் பகுதியில் சாம்நகர் என்னும் ஊர் உள்ளது. அக்காலத்தில் அது நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகராக இருந்தது. கிரிக்கெட்டில் பெரும்புகழ் ஈட்டிய இரஞ்சித் சிங் அதனை ஆண்ட மன்னர். இன்று இந்திய மாநில அணிகள் போட்டியிடும் இரஞ்சிக் கோப்பை அவர் பெயரால் அமைந்ததே. அந்நகரில் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் நாள் மன்கட் பிறந்தார். முல்வந்திராய் இம்மத்லால் மன்கட் என்பது அவரது முழுப்பெயர். ‘வினூ’ என்பது இளமையில் செல்லமாக வழங்கிய பெயர். அதுவே பின்னர் நிலைத்துவிட்டது.

மன்கட் தொடக்கத்தில் மிதமான வேகத்தோடு பந்து வீசி வந்தார். இங்கிலாந்தின் சசெக்சு அணியைச் சேர்ந்த பெர்ட்டு வென்சிலி என்பவர் அந்நாளில் நவாநகருக்குப் பயிற்சியாளராக வந்தார். இளைஞரின் இடக்கை விரல்களில் இருந்த ஆற்றலை அவர் கண்டுகொண்டார். வேகத்தை விடுத்து, பந்தைச் சுழற்றி மெல்ல வீசுமாறு அறிவுறுத்தினார். பழகிய வழியை விட்டுப் புது வழியில் புகுதல் எளிதன்று. மன்கட் ஆசான் சொல்லைத் தட்டாது ஏற்றார். நாள்தோறும் பயின்று சுழற்பந்து வீச்சைத் தம் வயமாக்கினார். நவாநகர் அணி 1936–37ஆம் ஆண்டில் இரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் அவரும் ஒருவர்.

இடக்கைச் சுழற்பந்தின் நுட்பம் அறியத்தக்கது. பந்து காற்றில் சற்றே மேலெழுந்து மெல்ல வரும். ‘முன்னே சென்று அடித்துவிடலாம்’ என்று மட்டையாளர் எண்ணுவார். பந்தோ எதிர்பார்த்த இடத்திற்குச் சற்று முன்பே தரையில் விழுந்து, வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகித் திரும்பும். மட்டை வெறுங்காற்றை வீசும். பின்னால் நிற்கும் விக்கெட்டுக் காவலர் பந்தைப் பற்றி, ஸ்டம்புகளைத் தட்டிவிடுவார். சில வேளை பந்து திரும்பாமல் நேரே விரைந்து வந்து ஸ்டம்பையே சாய்க்கும். எது திரும்பும், எது நேரே வரும் என்று அறிய இயலாமல் எதிரி மயங்குவதே இக்கலையின் வெற்றி. இதில் வலிமையினும் பொறுமையே மிகுதியும் வேண்டற்பாலது.

காத்திருந்த காலம்

1937–38ஆம் ஆண்டில் டென்னிசன் பிரபுவின் தலைமையில் ஓர் ஆங்கில அணி இந்தியாவிற்கு வந்தது. அவ்வணியோடு நடந்த ஐந்து பெரும் ஆட்டங்களில் மட்டையாட்டச் சராசரியிலும் பந்துவீச்சுச் சராசரியிலும் மன்கட்டே இந்தியருள் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதே. ஆயினும் அவை நாடுகளுக்கிடையே முறைப்படி நடைபெறும் டெஸ்டு ஆட்டங்கள் அல்ல. பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1936ஆம் ஆண்டிற்குப் பின் பத்தாண்டுக் காலம் இந்தியா டெஸ்டு ஆட்டம் எதுவும் ஆடவில்லை. ஓர் ஆட்டக்காரரின் உடல் வலிமை மிக்க ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

மன்கட் சோர்ந்துவிடவில்லை, உள்நாட்டு ஆட்டங்களில் தம் திறனைத் தீட்டிக்கொண்டே இருந்தார். 1946ஆம் ஆண்டு சூன் மாதம் இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில் முதன்முதலாக டெஸ்டு ஆட்டத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அச்சுற்றுப்பயணம் முழுவதிலும் சேர்த்து 1,120 ஓட்டங்களை எடுத்தார். 129 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். ஒரே பயணத்தில் ஆயிரம் ஓட்டமும் நூறு விக்கெட்டும் என்பது அரிய செயல்.

சிட்னியில் நிகழ்ந்தது

1947ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அணி ஆஸ்திரேலியாவிற்குச் சென்றது. அங்கேதான் முன்னர்க் கூறிய நிகழ்ச்சி நேர்ந்தது. பந்து வீசுபவர் பக்கத்தில் நிற்கும் மட்டையாளர், பந்து கையை விட்டு நீங்கும் வரை தம் எல்லைக் கோட்டுக்குள் இருத்தல் வேண்டும். முன்னதாகவே வெளியேறினால், பந்து வீசுபவர் அப்பக்கத்து ஸ்டம்பைத் தட்டி அவரை ஆட்டமிழக்கச் செய்யலாம். இது விதி. ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுன் இவ்வாறு முன்னதாகவே எல்லையைத் தாண்டி வந்தார். டெஸ்டுக்கு முன்பு சிட்னியில் நடந்த ஆட்டம் ஒன்றில் மன்கட் அவரை எச்சரித்தார். மீண்டும் அவ்வாறே செய்யவே, ஆட்டமிழக்கச் செய்தார். பின்னர் அதே ஊரில் நடந்த டெஸ்டு ஆட்டத்திலும் பிரவுன் எல்லை கடந்தார். மன்கட்டும் முன்போலவே செய்தார்.

இதனைச் சிலர் பண்பற்ற செயல் என்று பழித்தனர். ஆனால் எதிரணித் தலைவராகிய பிராட்மன் மன்கட்டின் பக்கமே பேசினார். விதி இருக்கிறது, அதனை மீறி முன்னே செல்பவர் நியாயமற்ற நன்மையைப் பெறுகிறார், அவ்வாறிருக்கப் பந்து வீசியவரைக் குறை கூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் கருத்து. ஆயினும் பழிச்சொல்லுக்கு ஆயுள் மிகுதி. இவ்வகையில் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்வதற்கு மன்கட்டின் பெயரையே உலகம் இட்டு வழங்கலாயிற்று. அதே பயணத்தில் மெல்போர்ன் திடலில் அவர் இருமுறை நூறு ஓட்டங்களைக் கடந்தார். அதனை நினைத்தோர் சிலரே.

சென்னையில் முதல் வெற்றி

இந்தியா 1932ஆம் ஆண்டில் டெஸ்டு ஆட்டம் ஆடத் தொடங்கியது. இருபது ஆண்டுகளாக 24 ஆட்டங்களை ஆடியும் ஒன்றிலேனும் வெற்றி பெறவில்லை. இருபத்தைந்தாம் ஆட்டம் இங்கிலாந்து அணியோடு 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கியது. விசய் அசாரே இந்திய அணியின் தலைவர். ஒவ்வோர் அணியும் இருமுறை மட்டையாடும். அம்முறையை இன்னிங்ஸ் என்பர். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் மன்கட் 55 ஓட்டங்களே கொடுத்து எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட்டுக் காவலர் சென், எல்லையை விட்டு வெளியே இழுக்கப்பட்ட ஆட்டக்காரரை மின்னலென வெளியேற்றினார். இந்தியாவின் பங்கச்சு ராயும் உம்ரிகரும் நூறு ஓட்டங்களைக் கடந்தனர். இரண்டாம் இன்னிங்ஸில் மன்கட் மேலும் நான்கு விக்கெட்டுகளை எடுத்தார். இந்தியா ஓர் இன்னிங்ஸும் எட்டு ஓட்டமும் மிகுதியாகப் பெற்று வென்றது. நாட்டின் முதல் டெஸ்டு வெற்றி தமிழகத்து மண்ணில் விளைந்தது. அதனை விளைவித்தவருள் முதல்வர் மன்கட்.

தோல்வியிலும் துலங்கிய ஆற்றல்

அதே ஆண்டு கோடையில் இந்திய அணி இங்கிலாந்து செல்ல இருந்தது. மன்கட் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு உடையவர். இலங்காசயரின் ஆசுலிங்டன் என்னும் ஊர்க் கழகம் ஊதியம் தந்து அவரை ஆட அழைத்தது. ‘இந்திய அணியில் எனக்கு இடம் உறுதி என்று கூறின், அவ்வழைப்பை மறுத்துவிடுவேன்’ என்று மன்கட் கேட்டார். இந்தியக் கிரிக்கெட்டு வாரியத்தார் உறுதி தர மறுத்தனர். எனவே அவர் கழகத்தின் பணியை ஏற்றார். சென்னை வெற்றி கிட்டிச் சில திங்களே ஆகியிருந்தன.

லீட்சு நகரில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸில் ஓர் ஓட்டமும் எடுக்குமுன் நான்கு விக்கெட்டுகள் வீழ்ந்தன. அதன்பின் வாரியத்தார் ஆசுலிங்டன் கழகத்தாரிடம் மன்கட்டை விடுவிக்குமாறு வேண்டினர். கழகத்தார் இசைந்தனர். முன்பு தம்மை வேண்டாதவர் இப்போது அழைக்கின்றனரே என்று மன்கட் முகம் திருப்பவில்லை. லார்ட்ஸ் திடலுக்கு வந்தார்.

முதல் இன்னிங்ஸில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 72 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் இங்கிலாந்து 537 ஓட்டங்களைக் குவித்தது. ஓர் ஓவர் என்பது ஆறு பந்துகள். அந்த இன்னிங்ஸில் மட்டும் அவர் 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட்டுகளை எடுத்தார். அத்தகைய உழைப்பிற்குப் பின் உடல் ஓய்வை நாடும். ஆனால் தொடக்க ஆட்டக்காரருக்கு ஓய்வு ஏது? உடனே மட்டையுடன் மீண்டும் களம் புகுந்தார். 184 ஓட்டங்களை எடுத்தார். அந்நாள்வரை டெஸ்டு ஆட்டத்தில் இந்தியர் ஒருவர் எடுத்த ஓட்டங்களுள் அதுவே மிகுதியானது. இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸிலும் 24 ஓவர்கள் வீசினார்.

இந்தியா எட்டு விக்கெட்டுகளால் தோற்றது. எனினும் அவ்வாட்டத்தை வென்றோர் பெயரால் எவரும் குறிப்பதில்லை. ‘மன்கட்டின் டெஸ்டு’ என்றே இன்றும் கூறுகின்றனர். முயற்சியைத் திருவள்ளுவர் ‘ஆள்வினை’ என்று பெயரிட்டு, அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பயன் கிட்டாத இடத்திலும் முயற்சிக்கு மதிப்பு உண்டு என்பதை லார்ட்ஸ் திடல் அன்று கண்டது.

மேலும் சில வெற்றிகள்

அவ்வாண்டின் அக்டோபரில் இந்தியாவும் பாகிசுதானும் முதன்முறையாக டெல்லியில் டெஸ்டு ஆடின. மன்கட் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட்டுகளை எடுத்து வெற்றி தேடித் தந்தார். பின்னர் நடந்த பம்பாய் ஆட்டத்தோடு டெஸ்டில் ஆயிரம் ஓட்டமும் நூறு விக்கெட்டும் என்னும் எல்லையை எட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டவை 23 ஆட்டங்களே. இங்கிலாந்தின் இயான் போத்தம் 1979ஆம் ஆண்டில் 21 ஆட்டங்களில் இதனை எட்டும்வரை அச்சாதனையை எவரும் முந்தவில்லை.

1956ஆம் ஆண்டு சனவரியில் நியூசிலாந்து அணி சென்னைக்கு வந்தது. ஆட்டம் மாநகராட்சித் திடலில் நடைபெற்றது. மன்கட்டும் பங்கச்சு ராயும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, விக்கெட்டு இழவாமல் 413 ஓட்டங்களைச் சேர்த்தனர். மன்கட் 231 ஓட்டங்களும் ராய் 173 ஓட்டங்களும் எடுத்தனர். தொடக்கக் கூட்டு ஆட்டத்தில் அவ்வுலகச் சாதனை 52 ஆண்டுகள் நிலைத்தது. 2008ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கர் இருவர் 415 ஓட்டங்கள் எடுத்து அதனைக் கடந்தனர். மன்கட்டின் 231 ஓட்டங்களை 1983ஆம் ஆண்டில் சுனில் கவாசுகர் கடந்ததும் சென்னையிலேயே ஆகும்.

பெயரும் பொருளும்

மன்கட் 1959ஆம் ஆண்டில் தம் இறுதி டெஸ்டை ஆடினார். மொத்தம் 44 டெஸ்டுகள், 2,109 ஓட்டங்கள், 162 விக்கெட்டுகள். ஆறு ஆட்டங்களில் அணித் தலைவராகவும் இருந்தார். மட்டையாட்ட வரிசையில் முதல் இடம் தொடங்கிப் பதினோராம் இடம் ஈறாக எல்லா இடங்களிலும் அவர் ஆடியுள்ளார். ‘இந்த இடமே எனக்கு வேண்டும்’ என்னாது, அணிக்கு எவ்விடத்தில் தேவையோ அவ்விடத்தில் நின்றவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஓய்வு பெற்றபின் இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். அவர் மகன் அசோக்கு மன்கட்டும் இந்தியாவுக்காக ஆடினார். இந்திய அரசு 1973ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது. 1978ஆம் ஆண்டு ஆகசுட்டு 21ஆம் நாள் அவர் பம்பாயில் இயற்கை எய்தினார்.

சிட்னி நிகழ்ச்சியின் முடிவு அவர் மறைந்து நெடுநாள் கழித்தே வந்தது. கிரிக்கெட்டு விதிகளை வகுக்கும் இலண்டன் கழகம், இவ்வகை ஆட்டமிழப்பை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்னும் பகுதியில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டில் அதனை அப்பகுதியினின்று நீக்கி, ஓட்டத்தில் ஆட்டமிழத்தல் என்னும் பொதுவிதியில் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டில் பன்னாட்டுக் கிரிக்கெட்டு மன்றம் தன் புகழ்மிக்கோர் வரிசையில் மன்கட்டைச் சேர்த்திருந்தது. இந்தியாவில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆடும் கோப்பைப் போட்டியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒருவரைப் பற்றிப் பிறர் கூறும் ஒரு சொல்லைக் கொண்டு அவரை அளத்தல் எளிது. அவர் செய்த பணிகளை எல்லாம் எண்ணி அளத்தல் அரிது. எளியதை விடுத்து அரியதைச் செய்வோரே நடுநிலை உடையோர். பழி வந்தபோது மன்கட் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த பந்தை வீசினார். புறக்கணிப்பு வந்தபோது வெகுண்டு ஒதுங்கவில்லை. அழைத்தபோது வந்து உழைத்தார். உண்மையான பெயரை ஒருவருக்கு அவர் உழைப்பே தேடித் தரும். அப்பெயர் வருவதற்குக் காலம் தாழ்க்கலாம். ஆனால் வாராமல் போகாது.