வாசலில் ஒரு பூப்பெட்டி

பத்துப் பரப்பில் வெங்காயம் செய்தவருக்கு ஒரு பெட்டி மண் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் காணியை விட்டு வந்து முகாம் கொட்டிலிலோ, உறவினர் வீட்டு விறாந்தையிலோ, வாடகை மாடியறையிலோ வாழும் குடும்பத்துக்கு நடுவதற்குக் கிடைக்கும் இடம் சிலவேளை அவ்வளவுதான். அதை முறையாகச் செய்தால் தை, மாசி மாதங்களில் வாசலில் பூ நிற்கும். அடுத்த போகத்துக்கு விதையும் கையில் இருக்கும்.

குளிர்நாடுகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பதற்காக டியூலிப் போன்ற கிழங்குகளை முந்திய இலையுதிர் காலத்திலேயே பெட்டிகளில் புதைத்து விடுவார்கள். பல வாரக் குளிர் பட்டால்தான் அவை ஒழுங்காகப் பூக்கும். நமது வெப்பத்தில் அவை சரிவரா. நமக்கு உதவுவன செவ்வந்தி, காசித்தும்பை, கோழிக்கொண்டை ஆகியவையே. எனினும் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்ற விதி நமக்கும் பொருந்தும். வடக்கு, கிழக்கில் மாரி மழை பெய்யும் கார்த்திகையில் விதைத்தால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில், தை பிறந்தபின் பூக்கத் தொடங்கும்.

வயலில் வேர் நீரையும் உணவையும் தேடிப் போகும். பெட்டியில் அதற்குப் போக இடமில்லை. எனவே அதற்கு வேண்டிய யாவற்றையும் நாமே கொடுக்க வேண்டும். மிஞ்சுவதை நாமே வெளியேற்றவும் வேண்டும்.

பெட்டி 2 அடி நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல ஆழம் இருந்தால் போதும். பழைய பலகை, தகரம், உரப்பை எதுவும் உதவும். அடியில் 6 அங்குலத்துக்கு ஒன்றாக, சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டைகள் இடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே வேர் அழுகிவிடும். பெட்டியைக் கற்களின் மேல் உயர்த்தி வையுங்கள். கீழே தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். ஆகவே தட்டு வேண்டாம்.

இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு மணல் அல்லது கழுவிய தும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். பச்சை எரு இளவேரைச் சுட்டுவிடும். இந்தப் பெட்டி நனைந்தால் 35 கிலோ வரை நிறுக்கும். மாடியில் வைப்போர் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காமல், தரையில் சுவரோரமாக வைக்க வேண்டும்.

நாற்றுக்குச் சிரட்டை போதும். கண்ணைத் திறந்துவிட்டால் நீர் வடியும். மழை நேரே விழாத, வெளிச்சமுள்ள இறப்பின் கீழ் வையுங்கள். நான்கைந்து இலை வந்ததும் மாலை வேளையில் பெட்டிக்கு மாற்றி, 8 அங்குல இடைவெளியில் நடுங்கள். இரவில் நத்தை வரும். விளக்கோடு பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். செவ்வந்தி அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைத்துப் பூக்கும்.

மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் பெட்டி விரைவில் காயும். விரலை ஓர் அங்குலம் மண்ணுள் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையெனில் ஊற்றுங்கள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் இடங்களில் அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் போதும். சவர்க்கார நீர் வேண்டாம்.

வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் புதிய மொட்டு வரும். ஆனால் நல்ல செடி ஒன்றை விதைக்கென விட்டுவிடுங்கள். செவ்வந்திப் பூ செடியிலேயே காயட்டும். காசித்தும்பைக் காயைச் சற்று முன்னரே பறியுங்கள். முற்றியபின் தொட்டால் வெடித்துச் சிதறும். நிழலில் உலர்த்தி, கடதாசியில் சுற்றி, பெயரும் மாதமும் எழுதி, மூடியுள்ள ரின்னில் வையுங்கள். மீண்டும் இடம் மாற நேர்ந்தால் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். விதைச் சுருளை ஒரு பிள்ளையே கொண்டு வரும்.