நெல்வயலின் வாயுவை அளத்தல்



திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள கடைமடை வயல்களில் சம்பாப் பருவத்தில் வரப்பின்மேல் நடந்தால், தேங்கிய நீரில் சிறு குமிழிகள் எழுந்து உடைவதைக் காணலாம். சேற்றில் கால் வைத்தால் அவை இன்னும் மிகுதியாக எழும். அக்குமிழிகளில் மீத்தேன் என்னும் வாயு அடங்கியுள்ளது. நிலத்தின் ஆழத்திலிருந்து எடுக்க முயன்றபோது நம் பகுதி மக்கள் எதிர்த்த வாயுவின் பெயரும் இதுவே. ஆனால் வயல் மீத்தேன் சேற்றிலேயே பிறப்பது.

வயலில் நீர் தேங்கினால் மண்ணுக்குள் பிராணவாயு செல்ல வழியில்லை. அந்நிலையில் வாழவல்ல நுண்ணுயிர்கள், தாளும் வேரும் தழையுரமும் மட்கும்போது மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி, புகைபோக்கியில் புகை செல்வதுபோல, நெற்பயிரினுள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. காற்றில் கரியமிலவாயுவைவிட மீத்தேன் மிகக் குறைவு. எனினும் எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில், பூமியின் உஷ்ணத்தைப் பெருக்குவதில் அது ஏறத்தாழ 28 மடங்கு வலியது. ஆகவே உலக நாடுகள் இவ்வாயுக்களுக்குக் கணக்கெழுத முற்பட்டபோது, நெல்வயலும் அக்கணக்கில் இடம்பெற்றது.

1990ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்று, இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் சுமார் 3.8 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாகக் கூறிற்று. நம் வயல்களில் அளந்து பெற்ற எண் அன்று அது. மேலைநாட்டு வயல்களில் கண்ட அளவை நம் நாட்டுப் பரப்புக்கு விரித்துப் போட்ட கணக்கு. ஒருவர் கையில் நாடி பார்த்து ஊராருக்கெல்லாம் மருந்து எழுதுவதை இது ஒக்கும். அவ்வெண் நிலைத்திருந்தால், பூமி சூடேறுவதற்கான பழியில் பெரும்பங்கு நம் ஏழை உழவர் தலையில் விழுந்திருக்கும் அன்றோ?

இதற்கு விடை காணும் பணி 1991இல் நடைபெற்றது. புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆஷேஷ் பிரசாத் மித்ரா அதனை முன்னின்று நடத்தினார். வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அயனமண்டலத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற விஞ்ஞானி அவர். நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே வாயு அளக்கப்பட்டது.

அளக்கும் முறை எளிது. ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றைச் சில நெற்குத்துகளின்மீது கவிழ்ப்பர். குறித்த நிமிட இடைவெளிகளில், ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை எடுத்து, ஆய்வுக்கூடத்துக் கருவியில் மீத்தேனின் அளவைக் காண்பர். பெட்டி மூடிய இடம் கால் சதுர மீட்டர் என்றும், அரைமணியில் உள்ளே 1 மில்லிகிராம் மீத்தேன் கூடியது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 2 மில்லிகிராம். ஆகவே சதுர மீட்டருக்கு 8 மில்லிகிராம். இவ்வாறு நடவு முதல் அறுவடை வரை பலமுறை அளத்தல் வேண்டும்.

முடிவில் கிடைத்த எண், ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். நெற்பரப்பை ஏறத்தாழ 4.2 கோடி ஹெக்டேர் எனக் கொண்டால், முதல் மதிப்பீடு ஹெக்டேருக்கு 900 கிலோ. அளந்து கண்டதோ 95 கிலோ! நம் நாட்டில் மழையை நம்பிய வயல்கள் பல. அவை இடையிடையே காய்கின்றன. காயும்போது மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் குறைகிறது.

பழி குறைந்தது, பொறுப்பு நீங்கவில்லை. நீர் இடைவிடாது நிற்கும் வயலில் மீத்தேன் மிகும் என்பதையும் அதே அளவைகள் காட்டின. நம் உழவர் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' இங்கே பயன்படும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் ஊன்றி, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையலாகாது. இம்முறையால் நீரும் மிச்சமாகும். ஆனால் காய்ந்து நனையும் வயலில், தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மற்றொரு வாயு மிகக்கூடும். அதையும் உடன் அளத்தல் வேண்டும்.

கடைமடையின் நிலை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலை வடிக்க நினைத்தாலும் நீர் வடிவதில்லை. குறுவையிலோ, வயலைக் காயவிட்டால் அடுத்த முறைத் தண்ணீர் வந்து சேருமா என்ற அச்சம். ஆகவே ஆடுதுறை வயலில் கிடைக்கும் எண்ணைத் திருத்துறைப்பூண்டிக்கு அப்படியே பொருத்தினால், அந்நியர் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம்.

மாணவர்களே, எந்த எண்ணைக் கேட்டாலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: எங்கே அளந்தது? எப்போது அளந்தது? எவ்வாறு அளந்தது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே அவ்வெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள்.